நவராத்திரி மண்டபக் கச்சேரிக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்கு

பழைய கச்சேரி ஒன்றை அப்படியே மறுபடி நடத்திக் காட்டுவது சபாக்களில் அவ்வப்போது நடக்கிறது. யாரோ ஒரு மேதை என்றோ பாடிய பட்டியலை எடுத்து, அதே வரிசையில் ஒரு மாலை பாடிவிட்டு முடித்துக்கொள்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் உள்ள நவராத்திரி மண்டபத்தில் நடப்பது வேறு கதை. இன்ன நாளுக்கு இன்ன ராகம், இன்ன கீர்த்தனை என்று திருவிதாங்கூர் மகாராஜா ஸ்வாதி திருநாள் (1813–1846) வகுத்து வைத்தபடி, நவராத்திரியின் ஒன்பது மாலையும் ஆண்டுதோறும் அதே கச்சேரி நடக்கிறது. மாலை 6 மணிக்குத் தொடக்கம், இரவு 8.30க்கு முடிவு. பாடகர்கள் மாறுவார்கள், பட்டியல் மாறாது.

போவதற்கு முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கச்சேரி நமக்காக நடப்பதில்லை. பாடகர் சரஸ்வதி அம்மனைப் பார்த்து உட்கார்ந்து பாடுகிறார், நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறோம். டிக்கெட் கிடையாது, கைதட்டு கிடையாது, விருப்பப் பாடல் சீட்டு கிடையாது, ஆண்களுக்குச் சட்டை கிடையாது. எல்லாம் இதிலிருந்து வருவதுதான். இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

எந்த நாளுக்குப் போவது

புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "இந்த வருஷம் யார் யார் பாடுகிறார்கள்?" என்பதுதான். டிசம்பர் சீசன் பழக்கம். இங்கே அந்தக் கேள்வியை இரண்டாவதாக வையுங்கள். முதலில் ராகத்தைப் பாருங்கள். இரண்டரை மணி நேரத்தில் பெரும்பகுதி அன்றைய ராகத்துக்கே போய்விடும். உங்களுக்கு அந்த ராகத்தில் ஒட்டுதல் இல்லை என்றால் எவ்வளவு பெரிய வித்வான் வந்தாலும் பாதியில் வாட்ச்சைப் பார்ப்பீர்கள்.

வரிசை இது. முதல் நாள் சங்கராபரணம், 'தேவி ஜகஜ்ஜனனி'. இரண்டாம் நாள் கல்யாணி, 'பாஹிமாம் ஸ்ரீ வாகீஸ்வரி'. மூன்றாம் நாள் சாவேரி, 'தேவி பாவனே'. நான்காம் நாள் தோடி, 'பாரதி மாமவ'. ஐந்தாம் நாள் பைரவி, 'ஜனனி மாமவ'. ஆறாம் நாள் பந்துவராளி, 'ஸரோருஹாஸன ஜாயே'. ஏழாம் நாள் சுத்த சாவேரி, 'ஜனனி பாஹி'. எட்டாம் நாள் நாட்டக்குறிஞ்சி, 'பாஹி ஜனனி'. ஒன்பதாம் நாள் ஆரபி, 'பாஹி பர்வதநந்தினி'. எல்லாமே சம்ஸ்கிருத சாகித்யங்கள். தொடக்க நாட்களில் பாட்டு சரஸ்வதி மேல் இருக்கும், முடியும்போது பார்வதியிடம் வந்து நிற்கும்.

இந்த வரிசையில் ராகம் கற்கிறவர்களுக்கு ஒரு நல்ல பாடத்திட்டமே ஒளிந்திருக்கிறது. சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் ஸ்வரத்தில் ஒரே வித்தியாசம் மத்யமம்தான், அதாவது 'ம'. முதல் இரண்டு நாளும் அடுத்தடுத்துக் கேட்டால், அந்த ஒரு ஸ்வரம் மாறினால் ராகத்தின் முகமே எப்படி மாறுகிறது என்பது புத்தகம் இல்லாமலே புரியும். ஏழாம் நாள் சுத்த சாவேரிக்கு ஐந்தே ஸ்வரம். ஒன்பதாம் நாள் ஆரபி மேலே ஏறும்போது அதே ஐந்து ஸ்வரத்தில்தான் ஏறும். இறங்கும்போது நிஷாதமும் (நி) காந்தாரமும் (க) வந்து சேர்ந்துகொள்ளும். சாவேரியும் அப்படித்தான், ஏற்றத்தில் ஐந்து, இறக்கத்தில் ஏழு. ஆனால் ரிஷபமும் (ரி) தைவதமும் (த) வேறு என்பதால் ஆரபியின் கம்பீரம் போய் ஒரு கெஞ்சல் வந்துவிடும்.

என்னைக் கேட்டால், முதன்முறை வருபவர் ஒன்பது நாளும் இருக்க முயல வேண்டாம். லீவும் கிடைக்காது, காதும் அயர்ந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். கச்சேரி கேட்டுப் பழகியவர் என்றால் நான்காம், ஐந்தாம் நாள். தோடியும் பைரவியும் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பது பெரிய விருந்து. இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால் முதல் இரண்டு நாள். வீட்டுக் குழந்தைகளைக் கூட்டிவருவதாக இருந்தால் ஒன்பதாம் நாள் ஆரபி. அந்த ராகத்தில் யாரும் தூங்குவது கஷ்டம்.

தேதியைக் கவனியுங்கள். நவராத்திரி புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும். சில ஆண்டுகளில் திதி நீண்டோ குறைந்தோ வரும், அப்போது நாள் கணக்கு ஒன்று முன்பின் ஆகலாம். ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நீங்களே போட்ட கணக்கை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். பாடகர்கள் பட்டியல் பத்திரிகைகளில் தேதியோடு வரும், அதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னரே திறந்துவிடும். பூஜை விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும் என்பதால் முதலில் டிக்கெட்டைப் போட்டுவிட்டு, தேவைப்பட்டால் ரத்து செய்வதுதான் புத்திசாலித்தனம்.

முன்கூட்டியே கேட்டு வைப்பது

நீங்கள் போகும் நாளின் கீர்த்தனையை ஒரு பத்து தடவையாவது கேட்டுவிட்டுப் போங்கள். யூடியூபில் எல்லாமே கிடைக்கும். செம்மங்குடி சீனிவாச ஐயர் பாடியது கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இந்த மண்டபத்தோடு பல பத்தாண்டுகள் தொடர்பு உள்ளவர் அவர். திருவனந்தபுரத்தில் 1939இல் தொடங்கிய இசைக் கல்லூரியில், நம்ம திருநெல்வேலிப் பக்கத்து அரிகேசநல்லூர் முத்தையா பாகவதருக்கு அடுத்து முதல்வராக இருந்தவரும் அவர்தான். ஸ்வாதி திருநாள் கீர்த்தனைகள் இன்று மேடைகளில் புழங்குகின்றன என்றால் அந்த இருவரின் உழைப்பு அதில் நிறைய இருக்கிறது. அரச குடும்பத்தைச் சேர்ந்த ராம வர்மா மண்டபத்திலேயே பாடிய பதிவுகளும் இருக்கின்றன. அவற்றைக் கேட்டால் உள்ளே ஓசை எப்படி இருக்கும் என்று ஓரளவு பிடிபடும்.

கச்சேரியின் அமைப்பு நாம் பழகியதுபோல இருக்காது. வர்ணத்தில் தொடங்கி, சின்னச் சின்ன உருப்படிகள் பாடிச் சூடு ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்து மெயினுக்கு வருவது இங்கே கிடையாது. நேரே அன்றைய ராகத்தின் ஆலாபனை, அதாவது பாட்டு வரி இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது. பிறகு தானம், அதையே துள்ளலான அடுக்குகளாகப் பாடுவது. அப்புறம் கீர்த்தனை, நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாகப் பாடுவது), ஸ்வரம், தனி (தாள வாத்தியம் மட்டும் வாசிப்பது). அது முடிந்த பிறகு மீதி நேரத்துக்கு ஸ்வாதி திருநாளின் வேறு கிருதிகள். பாட்டெழுதி மெட்டமைத்த மற்ற வாக்கேயக்காரர்கள் யாருக்கும் இங்கே இடமில்லை. ஆகவே தாமதமாகப் போனால் முக்கியமானதுதான் போகும்.

தானத்தின்போது மிருதங்கத்தைக் கவனியுங்கள். மற்றக் கச்சேரிகளில் பொதுவாகத் தானம் பாடும்போது மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருப்பார். இங்கே அவரும் வாசிப்பார். 'அநம்தம், தாநம்தம்' என்று பாடகர் அடுக்கிக்கொண்டு போக, தாளக் கணக்கு இல்லாத அந்தப் பாட்டுக்கு மிருதங்கம் பக்கத்திலேயே நடந்து வரும். சில இடத்தில் ஒரே ஒரு தொப்பி (இடப்பக்கத் தோல்) அடி மட்டும் விழும், சில இடத்தில் பாடகரின் அடுக்கு முழுவதும் தோலில் திரும்பி வரும். இதைக் கேட்பதற்காகவே பயணப்படலாம் என்பது என் கட்சி. சின்னக் காரியம்போலத் தெரியும், வாசிப்பவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

முடிந்தால் ஊர்வலத்திலிருந்து தொடங்குங்கள்

கச்சேரிக்கு மட்டும் வந்துவிட்டுப் போனால் பாதிதான் பார்த்தீர்கள். மண்டபத்தில் உட்கார்ந்து கேட்கிற சரஸ்வதி எங்கள் குமரி மாவட்டத்துக்காரி. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையை ஒட்டியிருக்கும் தேவாரக்கட்டுக் கோயில்தான் அவள் வீடு. கம்பர் வைத்துக் கும்பிட்ட சிலை, பிறகு சேர மன்னரிடம் வந்து சேர்ந்தது என்பது எங்கள் பக்கத்து வழக்கு. பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்தபோது நவராத்திரி அங்கேயே நடந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது, பின்னாளில் நவராத்திரியும் போனது. அம்மன் மட்டும் வீட்டை மாற்றிக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை போய் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறாள். 1956இல் கல்குளம், விளவங்கோடு உட்பட நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நடுவில் ஒரு மாநில எல்லையும் வந்து விழுந்தது. ஊர்வலம் நிற்கவில்லை.

கூடப் போவது இரண்டு பேர். சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மன், வேளிமலை குமாரகோவில் முருகன். நங்கை முந்தைய நாளே சுசீந்திரத்திலிருந்து கிளம்பி வந்துவிடுவாள். புறப்படும் காலையில் அரண்மனையின் உப்பரிகை மாளிகையிலிருந்து மன்னரின் உடைவாளை எடுத்துக் கொடுக்கும் சடங்கு நடக்கும். இரு மாநில அமைச்சர்களும் அதிகாரிகளும் வந்திருப்பார்கள், போலீஸ் மரியாதை இருக்கும். சரஸ்வதி யானை மேல், மற்ற இருவரும் பல்லக்கில். முதல் இரவு குழித்துறையில் தங்கல், மறுநாள் களியக்காவிளையில் எல்லை தாண்டி இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரையில். மூன்றாம் நாள் மாலை கரமனை வழியாகக் கோட்டைக்குள் போய்ச் சேரும். மறுநாள் சங்கராபரணம்.

எங்கே நின்று பார்ப்பது? மூன்று இடத்தில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். உடைவாள் சடங்கைப் பார்க்க வேண்டும் என்றால் அதிகாலையிலேயே பத்மநாபபுரம் போய்விட வேண்டும். கூட்டத்தில் தலைகள்தான் தெரியும், ஆனாலும் யானை வெளியே வரும் நேரம் அந்தக் கோட்டைச் சுவருக்குள் நிற்பது ஒரு அனுபவம்தான். களியக்காவிளையில் நின்றால் ஒரு மாநிலத்துப் போலீஸ் ஒப்படைக்க, அடுத்த மாநிலத்துப் போலீஸ் வாங்கிக்கொள்வதைப் பார்க்கலாம். அங்கே பஸ், லாரி, மீன் வண்டி எல்லாம் நெருக்கியடிக்கும். கார் கொண்டுபோகாதீர்கள். எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவே, மார்த்தாண்டத்துக்கு இந்தப் பக்கம் ஏதாவது ஒரு சின்ன ஊரின் ரோட்டோரம். வீட்டு வாசலைத் தெளித்து, குத்துவிளக்கு ஏற்றி, தட்டத்தில் பூ, பழம், தேங்காய் வைத்துக்கொண்டு சனங்கள் காத்திருப்பார்கள். யானை நிற்கும், தட்டத்தை வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள், யானை நகரும். அவ்வளவுதான். பக்கத்தில் நின்று பாருங்கள், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். வாசலுக்கு வாசல் நின்று வருகிற ஊர்வலம், சொன்ன நேரத்துக்கு எங்கேயும் வராது.

ஊர்வலத் தேதிக்கு வர முடியாதவர்கள் கச்சேரி நாளின் காலையிலோ முந்தைய நாளோ பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு வரலாம். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் அதன் பொறுப்பு கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. மதியம் 1 மணியிலிருந்து 2 வரை அடைத்துவிடுவார்கள், அந்த நேரத்தில் போய் நின்று வெயிலில் காயாதீர்கள். உள்ளே பழைய நவராத்திரி மண்டபம் இருக்கிறது. கருங்கல் தூண்கள், கறுத்த தரை. தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை அது. குனிந்து பார்த்தால் தூணின் நிழல் தண்ணீரில் தெரிவதுபோலத் தெரியும். ஒரு பக்கம் மரச் சட்டகத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள். அரண்மனைப் பெண்கள் அதன் பின்னால் உட்கார்ந்துதான் ஆட்டமும் பாட்டும் பார்த்தார்கள். திருவனந்தபுரம் போகும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஏனென்றால் அங்கேயும் 2006 வரை பெண்கள் பாடியதில்லை. அந்த ஆண்டு முதன்முதலாகப் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். பாறசாலை, எங்கள் களியக்காவிளையைத் தாண்டியதும் வருகிற ஊர். திருவனந்தபுரம் இசைக் கல்லூரி தொடங்கியபோது சேர்ந்த முதல் மாணவி, பின்னாளில் அங்கேயே ஆசிரியை, அப்புறம் திருப்பூணித்துறை இசைக் கல்லூரிக்கு முதல்வர். அந்த மண்டபத்தில் பாட அவருக்கு இடம் கிடைத்தபோது வயது 80ஐத் தாண்டியிருந்தது. மரபைக் காப்பாற்றுகிறோம் என்று பெருமைப்படும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதன் பிறகு பெண்கள் பாடுகிறார்கள், எந்த அம்மனுக்கும் கோபம் வந்ததாகத் தகவல் இல்லை.

போய்ச் சேர்வதும் தங்குவதும்

சென்னை, திருச்சி, மதுரைப் பக்கமிருந்து வருபவர்களுக்கு அனந்தபுரி எக்ஸ்பிரஸ் வசதி. நாகர்கோவில் வழியாகவே திருவனந்தபுரம் போகும். நாகர்கோவிலில் சொந்தக்காரர்கள் இருந்தால் அங்கே தங்கிக்கொண்டு, மதியம் கிளம்பிப் போய்விட்டு ராத்திரி திரும்பலாம். தூரம் 70 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் பஸ்ஸில் அதைப் போகும் நேரம் 70 கிலோமீட்டருக்கு உரிய நேரம் இல்லை. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று ஒவ்வொரு சந்தையும் பஸ்ஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரயில்தான் நல்லது. இரணியல், குழித்துறை, பாறசாலை என்று நின்று போகும் பாசஞ்சரானாலும் பரவாயில்லை.

திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கினால் எதிரே தம்பானூர் பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து கிழக்கே கோட்டைக்கு நடக்கலாம், ஒரு கிலோமீட்டர் சுமார். தங்குவதற்குத் தம்பானூர்ப் பக்கம் எல்லா விலைக்கும் லாட்ஜ் உண்டு. ஏசி இல்லாவிட்டாலும் சரி, நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். கச்சேரி முடிந்து ராத்திரி ஆட்டோவோடு பேரம் பேசிக்கொண்டு நிற்க வேண்டாம்.

மொழி பற்றிக் கவலை வேண்டாம். சாலை பஜாரில் பாதிக் கடை நம்ம ஆட்களுடையது. வலியசாலை, கரமனை அக்ரகாரங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுகிறார்கள். ஆட்டோக்காரரிடம் தமிழிலேயே பேசலாம். 'மேத்தன் மணி' என்று சொன்னால் போதும். பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி இருக்கும் பழைய கடிகாரம் அது. தாடிக்காரர் முகம் ஒன்று, இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டுக்கிடா. மணி அடிக்கும்போது இரண்டு கிடாவும் வந்து கன்னத்தில் முட்டும். மண்டபம் அந்த வரிசையில், குதிரைமாளிகை அரண்மனையை ஒட்டி இருக்கிறது. 5 மணிக்கு அங்கே போய் நின்றால் முட்டுவதையும் பார்த்துவிட்டு உள்ளே போகலாம்.

மதியச் சாப்பாட்டை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தரையில் இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டும். திருவனந்தபுரம் சத்யாவில், அதாவது இலை விருந்தில், போளியைப் பிசைந்து பால் பாயசத்தை ஊற்றிச் சாப்பிடுவார்கள். அது அருமையான விஷயம், ஆனால் அதற்குப் பிறகு நாட்டக்குறிஞ்சி கேட்டால் தாலாட்டாகிவிடும். கச்சேரி இல்லாத மறுநாள் மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்துவது, எதைக் கொண்டுபோகக் கூடாது

ஆண்கள் வேட்டி, மேலே ஒரு துண்டு. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் புடவை அல்லது செட்டு முண்டு (கேரளத்து இரண்டு துண்டு உடை), சின்னப் பெண்கள் பாவாடை சட்டை. நின்று வாதாடுவதில் பயனில்லை. வேட்டி கட்டிப் பழக்கமில்லாதவர்கள் ஒட்டிக்கொள்ளும் வேட்டியையோ, உள்ளே ஒரு பெல்ட்டையோ நம்பிக்கொள்ளுங்கள். லாட்ஜிலிருந்தே வேட்டியும் சட்டையுமாகப் போய், வாசலில் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

போனை அணைத்துப் பையின் அடியில் போட்டுவிடுங்கள். படம் எடுப்பது, ரெக்கார்ட் செய்வது வேண்டாம். பத்மநாபசுவாமி தரிசனத்தையும் அதே மாலையில் முடித்துவிடலாம் என்று திட்டமிட்டால் இரண்டும் கெடும். கோயிலுக்குக் காலையில் போங்கள், உடை விதி அங்கேயும் இதேதான்.

மறக்காமல் ஒரு குடை. ஐப்பசி நெருங்கும் நேரம், துலாவர்ஷம் என்று மலையாளத்தில் சொல்லும் மழை பெரும்பாலும் மாலையில்தான் இடியோடு வரும். 5 மணி வானத்தைப் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

உள்ளே

ஐந்தேகாலுக்குள் போய் இடம் பிடித்துவிடுங்கள். வார நாள் என்றால் சற்றுத் தாமதித்தாலும் இடம் கிடைக்கும். பேர்பெற்ற பாடகர், அல்லது சனி ஞாயிறு என்றால் அந்தப் பேச்சே இல்லை. மண்டபத்துக்குள் இடம் கொஞ்சம்தான், மிஞ்சியவர்கள் வெளியே உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான். முட்டி வலி உள்ளவர்கள் தூணோரம் அல்லது சுவரோரம் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் நகர்ந்து கொடுப்பார்கள்.

விளக்கு வெளிச்சம்தான் அதிகம். கண் பழகியதும் மேலே பாருங்கள், கூரையில் மண்பானைகள் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கும். ஓசைக்காகச் செய்த ஏற்பாடு. மைக் இல்லாத காலத்தில் ஒரு தொண்டை எப்படி இத்தனை பேருக்குக் கேட்டது என்பதற்குப் பதில் அங்கே தொங்குகிறது.

கச்சேரிக்கு முன்னால் முல்லமூடு பாகவதர்கள் தோடய மங்களம் என்ற தொடக்கத் துதிப் பாட்டுகளைப் பாடுவார்கள். இதைப் பரம்பரைக் கடமையாகச் செய்து வருபவர்கள். பலர் இந்த நேரத்தில் வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் உள்ளே இருங்கள். மேடைக் கச்சேரிக்கு முந்திய ஒரு பாட்டு முறையின் வாசனை அதில் இருக்கிறது. சுருதி சேர்ந்தும் சேராமலும், எல்லோரும் கூடிப் பாடுகிற அந்தப் பாட்டுக்கு மெருகு எதிர்பார்க்காதீர்கள்.

பிறகு பாடகர்கள் வந்து உட்கார்வார்கள். அம்மனைப் பார்த்து. நீங்கள் உட்கார்ந்த இடத்தைப் பொறுத்து பாடகரின் பக்கவாட்டு முகமோ, முதுகோ தெரியும். முகபாவம் பார்க்கிற பழக்கத்தைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். அறிவிப்பு, அறிமுகம், நன்றியுரை எதுவும் இல்லை. தம்பூரா கேட்கும், அடுத்தது ஆலாபனை.

கைதட்டு இல்லாததுதான் பழகக் கஷ்டம். நல்ல ஒரு கோர்வை முடிந்ததும் கை தன்னால் எழும்பும். முன்பு ஒருமுறை என் பக்கத்தில் மதுரைக்காரத் தம்பி ஒருவர், தனி முடிந்த வேகத்தில் கையைத் தூக்கிவிட்டார். அவருக்கு அந்தப் பக்கம் இருந்த நெய்யூர்ப் பாட்டி மெதுவாக அவர் முழங்கையைப் பிடித்து, "இங்க கை தட்டப்பிடாது மக்ளே, கேட்டியா? அம்மைக்கு முன்னால பாடுகாவ" என்றார். தம்பி, "சரிங்க பாட்டி" என்று கையைக் கூப்பிக்கொண்டார். தலையை ஆட்டலாம், தொடையில் தாளம் போடலாம், ஆனால் சத்தம் வராமல். 'பேஷ்' என்று வாய்விட்டுச் சொல்வதையும் தவிர்க்கலாம்.

இன்னொன்று. இரண்டு பாட்டுக்கு நடுவே கைதட்டல் இல்லாததால், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் வரை தம்பூரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எழுந்து போக வேண்டியவர்கள் அப்போதுதான் போக வேண்டும். ஆலாபனை நடுவில் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, செருப்பைத் தேடுவது கூடாது. ரயிலுக்கு நேரமாகிவிடும் என்று தெரிந்தால் முதலிலேயே ஓரமாக உட்காருங்கள்.

முடிந்த பிறகு

8.30க்கு முடிந்துவிடும். சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்கும். நாகர்கோவில் திரும்புகிறவர்கள் இரவு ரயிலின் நேரத்தை முன்னரே பார்த்து வைத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு நடந்துவிடுங்கள். தவறினால் தம்பானூரில் பஸ் கிடைக்கும், மார்த்தாண்டம் வழி.

ஊரில் தங்குகிறவர்களுக்கு மறுநாள் பகலில் ஒரு வேலை இருக்கிறது. சரஸ்வதி மண்டபத்தில் இருக்க, முருகன் ஆரியசாலைக் கோயிலிலும் நங்கை செந்திட்டைக் கோயிலிலும் தங்கியிருப்பார்கள். இரண்டும் கோட்டையிலிருந்து பக்கம்தான். சாலை பஜார் வழியாக நடந்தே இரண்டையும் பார்த்துவிடலாம். வழியில் வெல்லக்கடையும் பாத்திரக்கடையும் பார்த்தால் திருவனந்தபுரத்தில் இருக்கிறோமா, நாகர்கோவில் வடசேரியில் இருக்கிறோமா என்று சந்தேகம் வரும். பிறகு குதிரைமாளிகைக்குள்ளும் போய்வாருங்கள். கூரை விளிம்பைத் தாங்குவதுபோல வரிசையாக 122 மரக்குதிரைகள். ஸ்வாதி திருநாள் கட்டிய மாளிகை. தஞ்சாவூர் வடிவேலு போன்ற நம் பக்கத்து வித்வான்கள் அவர் சபையில் இருந்தவர்கள். வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் வடிவேலு. முந்தைய இரவு பாடகருக்குப் பக்கத்தில் கேட்ட வயலினுக்கும் இந்த ஊருக்கும் அப்படி ஒரு பழைய கணக்கு உண்டு.

கடைசி நாட்களில் வருபவர்கள் விஜயதசமிக்கும் இருந்துவிட்டுப் போகலாம். அன்று முருகன் வெள்ளிக் குதிரையில் பூஜப்புரைக்கு எழுந்தருளுவார், சின்னக் குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பதும் அன்றுதான். மறுநாள் நல்லிருப்பு, ஓய்வு. அதன் பிறகு மூவரும் வந்த வழியே நெய்யாற்றின்கரை, குழித்துறை என்று தங்கித் திரும்புவார்கள். புறப்பாட்டுக்கு வர முடியாமல் போனவர்கள் இந்தத் திரும்பும் ஊர்வலத்தைப் பார்க்கலாம். கூட்டம் குறைவு, அமைச்சர்கள் கிடையாது, யானைக்குப் பக்கத்திலேயே நடக்கலாம். களியக்காவிளையிலிருந்து குழித்துறை வரை நடக்கிறவர்கள் ரப்பர் செருப்பும் தண்ணீர்ப் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ரோட்டில் நிழல் குறைவு.